பழுதைத் தேடாத திருத்தம்

வாகனத்துள் ஏறியதும் கையடக்கத் தொலைபேசியின் அலைவலு குன்றுகிறது என்று முறையிடுவோருக்கு நம் கராஜ்கள் பலவும் தரும் மறுமொழி ஒன்றே: "பூஸ்டர் ஒன்று பூட்டுங்கோ." நோயறியாது மருந்து விற்கும் இவ்வழக்கத்தை இனியும் பொறுப்பதற்கில்லை.

காரணத்தைக் கண்டறியக் கால்மணி நேரம் போதும். எஞ்சினையும் மின்கருவிகளையும் நிறுத்தி, உள்ளும் வெளியும் ஒப்பிட்டுப் பாருங்கள். அப்போதும் உள்ளே அலை குன்றினால் குற்றவாளி மின்சாரமன்று. கண்ணாடியில் ஒட்டிய உலோகப் பூச்சுத் தாளாயிருக்கலாம். சீரானால், மின்னேற்றி, முகப்புக் கமரா, எல்.ஈ.டி. விளக்கு என ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். 12 வோல்ற்றை 5 வோல்ற்றாக்கும் மின்னேற்றிகள் மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை துண்டித்து இணைப்பவை. மலிவானவற்றில் வடிகட்டி இல்லாதவிடத்து அவ்விரைச்சல் வானலையில் கலக்கிறது. பண்பலை வானொலியும் அதே வேளை இரைந்தால் ஐயம் வலுக்கும். தரமான மின்னேற்றி, வயரில் ஒரு பெரைற்று வளையம், துருநீக்கிய புவித்தொடுப்பு: திருத்தம் பெரும்பாலும் இவ்வளவே.

பூஸ்டரோ இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும்; அயற்கோபுரத்தையும் குழப்பக்கூடும். வானொலித் தொடர்புக் கருவிகளுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமென்கிறது 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டம். விற்பவர் இதைச் சொல்வதில்லை, வாங்குபவர் கேட்பதுமில்லை.

நசுங்கிய வாகனத்துள் சிக்கிய ஒருவர் 1990 நோயாளர் காவுவண்டியை அழைக்கும் கணத்தில், ஒரு மலிவு மின்னேற்றி அவர் குரலை விழுங்கலாகாது. பழுதைத் தேடத் தெரியாதவர் திருத்துநரல்லர், வெறும் வியாபாரி.