நீல டிரம்மில் முன்பு என்ன இருந்தது?

மண்ணூர், ஒரகடம் பக்கத்துக் குடியிருப்புகளில் வாசலோரம் நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்களைக் காணலாம். தண்ணீர் லாரி வரும் நாளில் நிரப்பி வைத்துக்கொள்வார்கள். புதியதைவிடப் பழைய டிரம் மலிவு. அதில் முன்பு என்ன இருந்தது என்று பழைய சாமான் கடையில் கேட்டால், "ஏதோ சோடாங்க, கழுவிட்டோம்" என்பார்கள்.

அந்தச் சோடா பெரும்பாலும் சோடியம் ஹைடிராக்சைடு. பாடநூல் எரிசோடா என்றும் கூறும் காஸ்டிக் சோடா. இரும்புத் தகட்டுக்கு வண்ணம் பூசுமுன் எண்ணெய்ப் பசையைப் போக்கவும், அலுமினிய உறுப்புகளின் மேற்பரப்பை அரித்துப் பக்குவப்படுத்தவும், அமிலக் கழிவுநீரை நடுநிலையாக்கவும் தொழிற்சாலைகளுக்கு இது தேவை. சோப்பு, காகிதம், ரேயான் ஆகியவற்றுக்கும் இதுவே. உப்புக் கரைசலை மின்னாற்பகுப்புச் செய்து இதைப் பெறுகிறார்கள். 1936-இல் மேட்டூரில் நிறுவப்பெற்ற கெமிக்கல் நிறுவனம் இத்தொழிலின் முன்னோடிகளுள் ஒன்று. பாதரசக் கலத்துக்கு மாற்றாக 1985-இல் புதுச்சேரிக் காலாப்பட்டில் சவ்வுக் கலம் வந்தது. பின்னர் மற்ற ஆலைகளும் படிப்படியாக மாறின.

இவ்வளவு பயனுள்ள பொருளை நான் குறை கூறவில்லை. ஆனால் இதற்கு நிறமில்லை, மணமில்லை. டிரம்மின் அடியில் ஒரு கரண்டி தங்கியிருந்தாலும் தண்ணீர்போலவே தோன்றும். விரலில் பட்டால் சோப்பைப்போல் வழவழக்கும். அந்த வழவழப்பு, நம் தோலின் கொழுப்பே சோப்பாக மாறுவதால் உண்டாவது! தொழிற்சாலைக்கு வரும் கரைசலில் ஏறத்தாழப் பாதி எடை எரிசோடாதான். ஒரு குழந்தை அதில் ஒரு மிடறு விழுங்கினால் உணவுக்குழாய் வெந்துபோகும். ஆறிய பிறகும் தழும்பு சுருங்கி, விழுங்குவதே கடினமாகலாம்.

மஞ்சள் தடவிய காகிதம் காரத்தில் சிவக்கும் என்பதை ஆரத்தித் தட்டிலேயே பார்த்திருப்பீர்கள். அப்படியே டிரம்மையும் சோதித்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். கூடாது. காகிதம் சிவக்காவிட்டால் காரம் இல்லை என்று மட்டுமே பொருள். அமிலமோ, கரைப்பானோ, வேறு நஞ்சோ இருந்தால் மஞ்சள் வாய் திறக்காது.

வாங்குகிறவர்களைக் கடிந்து பயனில்லை. குழாயில் நாள்தோறும் தண்ணீர் வந்தால் அவர்கள் ஏன் டிரம்மைத் தேடுகிறார்கள்? அபாயப் பொருள் படிந்த காலிக் கலன்களை 2016-ஆம் ஆண்டு விதிகள் அபாயக் கழிவாகவே கருதுகின்றன. அனுமதி பெற்ற சுத்திகரிப்போரிடம் அனுப்பாத டிரம் எதுவும் அடியில் துளையிடப்படாமல் தொழிற்சாலை வாயிலைத் தாண்டக் கூடாது என்பது என் கருத்து. துளை விழுந்தால் விலை குறையும் என்பார்கள். குறையட்டும், பிளாஸ்டிக்கை உருக்குகிறவருக்குத் துளை ஒரு பொருட்டன்று. உள்ளே இருந்த பொருளின் பெயரையும் தமிழில், அழியாத எழுத்தில் பொறிக்க வேண்டும். "சோடா" என்று மட்டும் எழுதினால் போதாது. அந்தப் பெயரில் குடிக்கும் பானமும் உண்டல்லவா?

எரிசோடா மேலே பட்டால் உடையை அகற்றி, ஓடும் நீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவுக. கண்ணில் பட்டாலும் அவ்வாறே. விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள், எலுமிச்சைச் சாறும் கொடுக்காதீர்கள். வாயைக் கொப்பளிக்கச் செய்து, டிரம்மில் ஒட்டிய சீட்டு இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.