எத்தனை மேசைக்கு நடப்பாள்?

எமரால்டைத் தாண்டி அவலாஞ்சி போகிற சாலையில் ஒரு குடியிருப்பு. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். கேரட் காட்டுக் கூலிகள். சாதிச் சான்றிதழ் பற்றிப் பேசப் போயிருந்தேன். ஒரு அம்மா குறுக்கே கேட்டார்: “அதெல்லாம் சரிங்க தம்பி, அஞ்சு வயசாகியும் எம்புள்ளைக்குப் பேச்சு வரலையே, அதுக்கு எங்க போறது?”

இருபது வருஷமாக மேடையில் முழங்குகிறவனுக்குப் பதில் தெரியவில்லை.

அவர் போகாமல் இல்லை, தோழர்களே. “போகப் போகப் பேசிரும்” என்றார்கள் ஓரிடத்தில். டவுனுக்குப் போகச் சொன்னார்கள் இன்னோரிடத்தில். காது பார்க்க ஒரு நாள், அட்டைக்கு வேறொரு நாள். ஒவ்வொரு நாளும் கூலி போச்சு, பஸ் காசு போச்சு. ஒவ்வொரு மேசையிலும் கதையை முதலிலிருந்து சொல்லவேண்டும். நாலாவது தடவை அவர் போகவில்லை. ‘பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதியிருப்பார்கள், வேறென்ன.

திட்டம் இல்லாமல் இல்லை. 2013இல் வந்த தேசியக் குழந்தைகள் நலத் திட்டப்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷம் இரண்டு தடவை, அரசுப் பள்ளிக்கு ஒரு தடவை வரவேண்டும். குறை தெரிந்த பிள்ளையை மாவட்ட ஆரம்பநிலைச் சிகிச்சை மையத்துக்கு அனுப்பவேண்டும். 1995 சட்டம் ஏழு வகை ஊனங்களைத்தான் ஒத்துக்கொண்டது. 2016 சட்டம் 21 வகை. பேச்சு, மொழிக் குறைபாடு அதில் புதிதாகச் சேர்ந்தது. ஆனால் சலுகை என்று வந்தால் 40 சதவீதம் கேட்கிறார்கள். சின்னப் பிள்ளைக்குத் தேவை முதலில் தெரியும், சதவீதம் பிறகுதான் தெரியும். அதற்குள் பேச்சு வரவேண்டிய வயசு போய்விடுகிறது.

லண்டனில் 2000 பிப்ரவரியில் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுக் கறுப்புச் சிறுமி, வளர்த்தவர்களாலேயே சித்திரவதைப்பட்டுச் செத்தாள். சமூகநலத் துறை, போலீஸ், ஆஸ்பத்திரி எல்லாரும் அவளைப் பார்த்திருந்தார்கள், தனித்தனியாக. 2003இல் லேமிங் விசாரணை அறிக்கை இதைத் தோலுரித்தது. அதன்பிறகு அங்கே பிள்ளைக்கு ஒரே மதிப்பீட்டுப் படிவம், குடும்பத்துக்கு ஒரு பொறுப்பாளர் என்று ஏற்பாடு செய்தார்கள். அது எல்லா ஊரிலும் ஒழுங்காக ஓடிற்று என்று சொல்லமாட்டேன். ஆனாலும் ஒரு தாயை மேசை மேசையாக அலையவிடுவது தப்பு என்று ஒத்துக்கொள்ளவே ஒரு பிணம் விழவேண்டியிருந்தது.

நம் கதைக்கு வருகிறேன். இடஒதுக்கீட்டுக்குச் சண்டை போடுகிறோம், போடவேண்டியதுதான். ஒண்ணாம் வகுப்பிலேயே ‘மக்கு’ என்று கடைசி பெஞ்சுக்குத் தள்ளப்பட்ட பிள்ளை அந்த இடத்துக்கு வந்துசேருமா? காது கேளாததையும் சாதிப் புத்தி என்று சொல்லிவிடுகிற ஊர் இது. அவர்கள் சொன்னதில் ஆச்சரியமில்லை; நம்மில் யாரும் ஒரு பிள்ளையின் காதைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

கூட வந்த மாணவித் தோழர் கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். பையன் எந்த மாசம் கவிழ்ந்தான், எப்போது நடந்தான், முதுகுக்குப் பின்னால் தட்டினால் திரும்புகிறானா, அம்மா சொல்லச் சொல்ல எழுதினார். இனி எந்த மேசையிலும் அந்த நோட்டைத்தான் நீட்டுவது. புதன்கிழமை முதல் பஸ்ஸுக்கு இரண்டு பேரும் கிளம்புகிறார்கள். அன்றைய கூலியை நாங்கள் திரட்டிக் கொடுத்திருக்கிறோம்.