சிற்றுண்டி கேட்கவில்லை, பணி நிரந்தரம் கேட்டார்கள்

ஒரு தொழிலாளி எப்போது வேலையில் மகிழ்ச்சியாக இருப்பார்? எம்.பி.ஏ. படிக்கும் தோழர்களுக்கு இதற்கான விடை மனப்பாடம். ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் முன்வைத்த இரு காரணிக் கோட்பாட்டைத் தொடாமல் மனிதவள வகுப்பு நகராது. சம்பளம், பணிப் பாதுகாப்பு, பணியிட வசதி ஆகியவை அதிருப்தியைத் தடுக்கும், அவ்வளவுதான். உண்மையான திருப்தி பாராட்டிலும் பொறுப்பிலும் சாதனையிலும் முன்னேற்றத்திலும் இருந்துதான் வரும் என்றார் அவர். முதல் வகைக்கு அவர் வைத்த பெயர் 'சுகாதாரக் காரணிகள்'.

அந்தப் பெயரைக் கவனியுங்கள். ஊரின் சுகாதாரத்தைத் தம் தோளில் சுமப்பவர்களுக்குத்தான் இந்தச் 'சுகாதாரக் காரணிகள்' மறுக்கப்படுகின்றன. பாராட்டுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. கொரோனா காலத்தில் முன்களப் பணியாளர் என்று மாலை போட்டார்கள், பூத்தூவினார்கள். 2019 பிப்ரவரியில் பிரயாக்ராஜ் கும்பமேளாவில் பிரதமரே ஐந்து தூய்மைப் பணியாளர்களின் கால்களைக் கழுவினார். தமிழ்நாட்டில் 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயர் 'தூய்மைப் பணியாளர்' ஆனது. பெயர் மாறியது சரிதான். ஆனால் பெயர் மாறியதால் யாருக்கும் பணி நியமன ஆணை வரவில்லை.

2025 ஆகஸ்ட் மாதம் சென்னையில் நடந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையை மாநகராட்சி தனியாருக்குக் கொடுத்தது. ஆண்டுக்கணக்கில் அந்தத் தெருக்களைக் கூட்டிய பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு அமர்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். மாதம் ஏறக்குறைய 23,000 ரூபாய் வாங்கியவர்கள், தனியாரிடம் போனால் அது 17,000-க்கும் கீழே போகும் என்றார்கள். இரவும் பகலும் நடைபாதையில் 13 நாள். நடைபாதையை விட்டு அகற்ற உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களைக் கைது செய்து பேருந்துகளில் ஏற்றியது.

மறுநாள் அமைச்சரவை கூடியது. தூய்மைப் பணியாளர்களுக்கு நலத்திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று இலவசக் காலைச் சிற்றுண்டி.

விடியும் முன்பே வேலைக்கு வரும் பெண்ணுக்குச் சூடான உணவு தேவைதான், அதை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீடு, காப்பீடு, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கேட்டது வேறு. கேட்டதை மறுத்துவிட்டுக் கேட்காததைத் தட்டில் வைப்பது பண்ணையாரின் பழக்கம். கூலி உயர்வு கேட்டவனுக்குப் பொங்கலுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்த அதே கைதான் இது. வேட்டி அவர் மனசு. கூலி நம் உரிமை. இரண்டும் ஒன்றாகிவிடாது.

மீண்டும் ஹெர்ஸ்பெர்க்கிடம் வருவோம். அவர் யாரிடம் கேட்டார்? பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும். படித்து, விரும்பி, ஒரு தொழிலைத் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள். பிடிக்காவிட்டால் வேறு நிறுவனத்துக்குப் போகலாம். பிறப்பே துடைப்பத்தைக் கையில் திணித்த ஒருவரிடம் அந்தக் கேள்வித்தாள் போய்ச் சேரவே இல்லை.

அந்த இடத்தில் நமக்கு விடை சொல்பவர் அண்ணல் அம்பேத்கர். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்கிவைப்பது என்று 1936-இலேயே 'சாதி ஒழிப்பு' உரையில் எழுதினார். விருப்பத்துக்கு இடமின்றி விதிக்கப்பட்ட தொழிலில் மனமும் அறிவும் ஈடுபடாது, ஈடுபடாத இடத்தில் திறமையும் வளராது என்பது அவர் வாதம். வெறும் ஏட்டு வாதமல்ல இது. பம்பாய் ஆலைகளில் அறுந்த நூலை எச்சில் தொட்டு முடிய வேண்டும் என்பதால், கூலி அதிகமான நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோரைச் சேர்க்காமல் தள்ளிவைத்தார்கள். 1928 வேலைநிறுத்தத்தின்போது இந்தக் கேள்வியை எழுப்பியவர் அவர். முன்னேற்றம் என்ற 'ஊக்கக் காரணி' அங்கே எச்சிலில் சிக்கி நின்றது!

நம் தரப்பிலிருந்தே ஒரு கேள்வி வருகிறது: நிரந்தரம் கேட்பது குலத்தொழிலை நிரந்தரமாக்குவது ஆகாதா? மரியாதையோடு மறுக்கிறோம். ஒப்பந்த முறை யாரையும் குப்பையிலிருந்து விடுவிக்கவில்லை. அதே சாதியாரை, அதே வேலைக்கு, குறைந்த கூலியில் வைத்திருக்கிறது. மாதச் சம்பளம் உறுதியான வீட்டில்தான் பிள்ளை பள்ளியை விட்டு நிற்காமல் கல்லூரிவரை போகும். தலைமுறை மாறும் வழி அதுதான். நிரந்தரம் கேட்போம், இயந்திரம் கேட்போம், இந்த வேலை எல்லாச் சாதிக்கும் பொதுவாகட்டும் என்றும் கேட்போம். ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆண்டு முழுவதும் நடக்கும் வேலையில் ஒப்பந்த முறையைத் தடைசெய்ய 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. குப்பை சேராத நாள் என்று ஒன்று உண்டா? அதிகாரம் இருந்தது, மனம்தான் இல்லை.

மாணவத் தோழர்களே, 'பணித் திருப்தி' என்று ஆய்வுக்கட்டுரை எழுதப் போகிறீர்களா? ஐ.டி. வளாகத்துக்குக் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு ஓடும் முன், உங்கள் கல்லூரிக் கழிவறையைக் கழுவும் அக்காவிடம் கேளுங்கள். சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது? பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா? வாரவிடுமுறைக்குக் கூலி பிடிக்கிறார்களா? உடை மாற்ற இடம் உண்டா? நீங்கள் கழுவும் கழிவறையை உங்களைப் பயன்படுத்த விடுகிறார்களா? கடைசியாக, உங்கள் மகளும் இந்த வேலைக்கு வர வேண்டுமா?

விடைகளை எழுதிக்கொண்டு முதல்வர் அறைக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், சேர்ந்து போங்கள்.