தெரிந்தும் செய்ய இயலாமை

மதிப்புரை எழுதித் தருகிறேன் என்று வாக்களித்துப் பெற்ற நாவல் ஒன்று என் மேசையில் பதினான்கு மாதங்கள் கிடந்தது. படித்து முடித்திருந்தேன். சொல்ல வேண்டியவையும் மனதில் இருந்தன. முதல் வரியை மட்டும் எழுத முடியவில்லை. ‘சோம்பேறி’ என்பது பள்ளி நாட்களிலிருந்தே எனக்குப் பழகிய சொல். நாற்பத்தொன்றாம் வயதில் மனநல மருத்துவர் ஒருவர் அதற்கு வேறு பெயர் சொன்னார்: ஏ.டி.எச்.டி., அதாவது கவனக்குறைவு மற்றும் மிகை இயக்கக் குறைபாடு.

இது அண்மைக்கால மோஸ்தர் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் 1902-இலேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அறிவில் குறையில்லாத, ஆனால் கவனத்தை நிறுத்த இயலாத சிறுவர்களைப் பற்றிப் பேருரைகள் ஆற்றியிருக்கிறார். அவரும் அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றே விவரித்தார். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு 1980-இல்தான் ‘கவனக்குறைவு’ என்பதைப் பெயரிலேயே சேர்த்தது. மருத்துவம் தன் மொழியை மாற்றிக்கொண்டுவிட்டது. நம் வீடுகளும் வகுப்பறைகளும் இன்னும் ஸ்டில்லின் காலத்திலேயே நிற்கின்றன.

என்ன செய்ய வேண்டும் என்பது தெரியாததல்ல, தெரிந்ததைச் செய்ய முடியாததே இதன் மையச் சிக்கல் என்று உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி நெடுங்காலமாக வலியுறுத்தி வருகிறார். எனவேதான் அறிவுரைகளால் பயனில்லை.

தங்களுக்கும் இக்குறைபாடு உண்டென்று அறிவித்த மருத்துவர்கள் எட்வர்ட் ஹாலோவெல், ஜான் ரேட்டி இருவரும் 1994-இல் வெளியிட்ட நூலில் ‘கோச்’ ஒருவரின் துணையைப் பரிந்துரைத்தார்கள். கோச்சிங் என்றால் நமக்கு நுழைவுத்தேர்வு வகுப்புதான் நினைவுக்கு வரும். இது வேறு. எனக்கு வாய்த்தவர் வாரம் ஒருமுறை தொலைபேசியில் கேட்டது எளிய கேள்வி: “முதல் வரியை எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து எழுதுவீர்கள்?” அந்த நேரத்தில் அவர் அழைத்தார். நான் எழுதும்வரை மறுமுனையில் பேசாமல் இருந்தார். மூன்று மாலைகளில் மதிப்புரை முடிந்தது.

“இதற்குமா ஓர் ஆள்?” என்றார் நண்பர். பாடகருக்கு ராகம் தெரியும். ஆனாலும் பின்னால் தம்புரா ஏன் என்று நாம் கேட்பதில்லை. அது பாட்டின் ஒரு வரியையும் பாடுவதில்லை, சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதை மனைவியோ நண்பரோ செய்யலாமே என்றால், அது கடினம். நம்மோடு வாழ்பவர்களின் ஒவ்வொரு நினைவூட்டலிலும் பழைய தவறுகளின் கணக்கு ஒட்டிக்கொண்டே வரும். என் மனைவி பதினைந்து ஆண்டுகளாகச் சொன்னதைத்தான் கோச்சும் சொன்னார். அவர் குரலில் மட்டும் ஏமாற்றம் இல்லை.

மிகைப்படுத்தவும் விரும்பவில்லை. கோச் மருத்துவர் அல்லர். மருந்துகளுக்கு உள்ள அளவு ஆய்வுச் சான்றுகள் இம்முறைக்கு இல்லை. எவரும் தம்மை கோச் என்று அழைத்துக்கொள்ள முடிகிறது. ஆகவே முதலில் மருத்துவரிடம் செல்வதே முறை. கோச்சுக்குக் கட்டணம் செலுத்த எல்லோராலும் இயலாது என்பதும் உண்மை.

ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கக் கட்டணம் ஏதுமில்லை. வீட்டுப்பாடத்தின் முன் உறைந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் “ஏன் செய்யவில்லை?” என்பதற்குப் பதிலாக “முதல் வரியை எப்போது தொடங்கலாம்? நான் பக்கத்தில் உட்காரட்டுமா?” என்று கேட்டுப் பார்க்கலாம். என்னிடம் யாரேனும் அப்படிக் கேட்க எனக்கு நாற்பத்தொரு வயதாக வேண்டியிருந்தது.