உயர்ந்த எண்ணும் உயர்ந்த விலையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 'பிக்கப்' என்னும் சிறு லாரி, குடியானவனுக்கும் தச்சனுக்கும் கொத்தனுக்கும் ஜீவனத்துக்கு உதவும் கருவியாகும். பெட்ரோல் போட வண்டியை நிறுத்தும்போது 87, 89, 91 அல்லது 93 என்ற எண்கள் அவன் கண்முன் நிற்கின்றன. எண் ஏற ஏற விலையும் ஏறுகிறது. உயர்ந்த எண்ணுள்ள பெட்ரோலை ஊற்றினால் வண்டி அதிக தூரம் ஓடும். ஆகவே கூடுதலாகக் கொடுத்த காசு தானே திரும்பி வந்துவிடும் என்ற நம்பிக்கை ஜனங்களிடையே வேரூன்றியிருக்கிறது. இந்நம்பிக்கைக்குப் போதிய ஆதாரமில்லை என்பதே நமது அபிப்பிராயம்.

ஆக்டேன் எண் என்பது பெட்ரோலில் அடங்கிய சக்தியின் அளவன்று. சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து அழுத்தப்படுகின்றன. பொறி தீண்டும்போது அக்கலவை சீராக எரியவேண்டும். அவ்வாறின்றி, அழுத்தமும் உஷ்ணமும் தாங்காமல் கலவையின் ஒரு பகுதி தானாகவே வெடித்தால், சுத்தியலால் அடிப்பது போன்ற சப்தம் கேட்கும். நாளடைவில் எஞ்சினும் பழுதாகும். இந்தத் தட்டலைப் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதையே ஆக்டேன் எண் காட்டுகிறது. 87 எண்ணுக்கென்றே அமைக்கப்பட்ட எஞ்சினில் 93 ஊற்றுவது, வராத வெள்ளத்துக்கு அணை உயர்த்துவதற்கு ஒப்பாகும்.

எண்ணும் சக்தியும் வேறு என்பதற்கு எத்தனாலே சாட்சி. எத்தனால் மிகுதியாகக் கலந்த 'இ85' என்னும் எரிபொருளின் ஆக்டேன் எண் சாதாரணப் பெட்ரோலின் எண்ணைவிட மிக உயர்ந்தது. ஆயினும் அதை ஏற்கும் வண்டிகள் ஒரு காலனுக்கு நூற்றுக்கு 15 முதல் 27 வரை குறைந்த தூரமே ஓடுகின்றன. எத்தனாலில் அடங்கிய சக்தி குறைவு என்பதே காரணம்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் நாம் மறைக்கவில்லை. டர்போ பூட்டியவையும் அதிக அழுத்தமுள்ளவையுமான எஞ்சின்கள் சிலவற்றுக்கு உயர்ந்த எண் தேவையே. தட்டல் எழுந்தால் இக்காலத்து வண்டி அதை உணர்ந்து, பொறி விழும் நேரத்தைத் தாமதப்படுத்திக்கொள்கிறது. அதனால் எஞ்சின் காப்பாற்றப்படினும் சக்தி சிறிது விரயமாகிறது. பாரம் இழுத்துக்கொண்டு கோடை வெயிலில் மேடேறும் லாரியில் இவ்வித்தியாசம் புலப்படலாம்.

ஆனால் அந்த லாபம் எவ்வளவு? உயர்ந்த எண்ணைத் தயாரிப்பாளரே சிபாரிசு செய்யும் வண்டிகளை, போர்டு எப்-150 பிக்கப் உள்பட, அமெரிக்க மோட்டார் சங்கமாகிய ஏ.ஏ.ஏ. 2017-ல் பரீட்சித்தது. ஓடும் தூரம் சராசரியாக நூற்றுக்கு 2.7 தான் கூடிற்று. ஒரு காலன் சாதாரணப் பெட்ரோல் 3 டாலர், உயர்ந்தது 3.75 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 300 டாலரில் முடியும் பிரயாணத்துக்கு அப்போது சுமார் 365 டாலர் ஆகும். இதைச் சிக்கனம் என்று எவர் கூறுவர்? சாதாரணப் பெட்ரோலுக்கென்றே செய்யப்பட்ட வண்டிகளிலோ இந்தச் சிறு லாபமும் இல்லை. அத்தகைய வண்டிகளில் உயர்ந்த பெட்ரோல் போட்டு அமெரிக்கர்கள் ஒரே வருஷத்தில் 210 கோடி டாலருக்கு மேல் வீணாக்கினர் என்று 2016-ல் அதே சங்கம் கணக்கிட்டது.

இந்நாட்டிலும் இது யோசிக்கத்தக்க விஷயமே. நமது சரக்கு லாரிகள் பெரும்பாலும் டீஸலில் ஓடுவதால் அவற்றுக்கு ஆக்டேன் கேள்வியே எழாது. ஆனால் சிறிய பெட்ரோல் வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் வைத்திருப்போர்முன் 95, 100 என்ற எண்கள் விசேஷப் பெயர்களோடு விற்பனைக்கு வந்துவிட்டன. அளக்கும் முறை வேறாதலால், அமெரிக்காவின் 87 நமது 91-க்கு ஏறக்குறைய சமம் என்பதையும் நேயர்கள் நினைவில் வைப்பது நலம்.

உயர்ந்த பெட்ரோலை விற்பது குற்றமன்று. தேவையில்லாதவன் அதைத் தேவையென்று மயங்கி வாங்கும்படி விடுவதே குற்றம். அந்த எண் எதைக் குறிக்கிறது, எதைக் குறிக்கவில்லை என்பதைப் பம்பின்மேலேயே ஜனங்களுக்கு விளங்கும் பாஷையில் எழுதிவைக்கச் சர்க்கார் உத்தரவிட வேண்டும். வண்டி வைத்திருப்போரும் விளம்பரத்தை நம்புவதைவிட வண்டியோடு வந்த கைப்புத்தகத்தை ஒரு முறை புரட்டுவது மேல். 'கட்டாயம்' என்றிருந்தால் தயங்காமல் கொடுங்கள். 'சிபாரிசு' என்றிருந்தால் கணக்குப் பாருங்கள். இரண்டும் இல்லையேல் காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். டயரில் சரியான காற்றும், வேகத்தில் நிதானமும், வேண்டாத பாரத்தை இறக்கிவைப்பதும் தரும் லாபத்துக்கு யாரும் விலை கேட்பதில்லை.