அந்த ஸ்பேனர் எங்கே?



2024-ஆம் ஆண்டு ஆயுத பூஜை நினைவிருக்கிறதா? அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. நம் காஞ்சிபுரத்தில் தறிச் சத்தமே கேட்காத நாள். தறிக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பொரி, சுண்டல் படைத்துவிட்டு, மாலையில் டி.வி. முன் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் அதிர்ச்சி. திருச்சி வானத்தில் ஒரு விமானம் வட்டமடித்துக் கொண்டே இருந்தது!

சார்ஜாவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் அது. உள்ளே 140-க்கும் மேற்பட்டோர். மேலே ஏறியதும் ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு. கீழே ஆம்புலன்ஸ்களும் தீயணைப்பு வண்டிகளும் வரிசையாக நின்றன. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கோ ஒரே கோபம். "கோளாறுன்னு தெரிஞ்சுதே, உடனே இறக்க வேண்டியதுதானே! ஏன் சுத்திக்கிட்டே இருக்கான்?" என்றார்.

பாட்டி கேட்டது நல்ல கேள்வி. சார்ஜா போக ஏறத்தாழ 4 மணி நேரம் ஆகும். அதற்கான எரிபொருள் விமானத்தில் இருந்தது. அத்தனை எடையோடு தரையைத் தொட்டால் சக்கரமும் பிரேக்கும் தாங்குவது கடினம். அந்த வகை விமானத்தில் எரிபொருளை வானில் கொட்டிவிடும் வசதியும் கிடையாது. பறந்து பறந்துதான் எரித்துத் தீர்க்க வேண்டும். சுமார் இரண்டரை மணி நேரம் பொறுமையாகச் சுற்றிவிட்டு, இரவு 8.15 மணி அளவில் விமானிகள் பத்திரமாகத் தரையிறக்கினார்கள். பாட்டி சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக் கொண்டார்.

ஹைட்ராலிக் என்றால் என்ன? ஜே.சி.பி. இயந்திரத்தின் கை எப்படித் தூக்குகிறது என்று வேடிக்கை பார்த்திருப்பீர்களே, அதேதான். குழாய்க்குள் எண்ணெயை மிகுந்த அழுத்தத்தோடு தள்ளினால், அது பெரிய பாரத்தையும் நகர்த்தும். விமானத்தில் சக்கரத்தை மடக்குவது, பிரேக் பிடிப்பது, இறக்கையின் மடிப்புகளை நீட்டுவது எல்லாம் இந்த எண்ணெயின் வேலை. ஒன்று பழுதானால் என்ன செய்வது? அதனால்தான் போயிங் 737 விமானத்தில் இரண்டு தனித்தனி அமைப்புகள் வைத்து, மூன்றாவதாக ஒரு மாற்று ஏற்பாடும் செய்திருக்கிறார்கள்.

விமானிகளைப் பாராட்டினோம். சரிதான். ஆனால் அன்றைக்கு ஆயுத பூஜை ஆயிற்றே, கருவிகளைக் கையாளுகிறவர்களைப் பற்றியும் கொஞ்சம் பேசுவோமா?

விமானப் பராமரிப்புக் கூடத்தில் கருவிப் பெட்டியைத் திறந்தால் வியப்பாக இருக்கும். ஒவ்வொரு ஸ்பேனருக்கும், ஒவ்வொரு ஸ்குரு டிரைவருக்கும் அதனதன் வடிவத்திலேயே ஒரு குழி. வேலை முடிந்ததும் அதில்தான் திரும்ப வைக்க வேண்டும். ஒரு குழி காலியாக இருந்தால் உடனே தெரிந்துவிடும். "எங்கேயாவது கிடக்கும், நாளைக்குத் தேடலாம்" என்ற பேச்சே கிடையாது. அந்த ஸ்பேனர் இன்ஜினுக்குள்ளே கிடந்தால்? கிடைக்கும் வரை விமானத்தைப் புறப்பட விடமாட்டார்கள். வேலையைச் சரிபார்த்து, உரிமம் பெற்ற பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் பெயர் பயணிகள் யாருக்கும் தெரியாது.

அந்தக் கையெழுத்தின் மதிப்பு என்ன என்பதற்கு உண்மைக் கதை ஒன்று சொல்கிறேன். 1990-ஆம் ஆண்டு ஜூன் 10. இங்கிலாந்தில் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினுக்குப் போன ஒரு விமானம். 17,000 அடி உயரத்தில் விமானியின் முன்னால் இருந்த கண்ணாடி அப்படியே பெயர்ந்து பறந்துவிட்டது! காற்று விமானியை வெளியே இழுத்தது. பாதி உடம்பு வெளியே, கால்கள் மட்டும் உள்ளே. விமானப் பணியாளர்கள் ஓடிவந்து அவர் கால்களைப் பிடித்துக் கொண்டார்கள். 20 நிமிடத்துக்கும் மேல் விடவே இல்லை. துணை விமானி சவுதாம்டன் நகரில் இறக்கினார். நம்ப மாட்டீர்கள், அந்த விமானி பிழைத்துக் கொண்டார். மற்ற அனைவரும் உயிர் தப்பினார்கள்.

கண்ணாடி ஏன் பெயர்ந்தது? முந்தைய நாள் இரவுப் பணியில்தான் அதைப் புதிதாகப் பொருத்தியிருந்தார்கள். 90 போல்ட்டுகள். அவற்றில் 84 போல்ட்டுகள் தேவையான அளவைவிடச் சற்றே மெல்லியவை. எவ்வளவு வித்தியாசம் தெரியுமா? ஒரு மில்லிமீட்டர் கூட இல்லை! பொருத்தியவர் அனுபவம் மிக்கவர், சோம்பேறியும் அல்ல. புதிய போல்ட்டைப் பழைய போல்ட்டோடு வைத்து, கண்ணாலேயே அளவு பார்த்து எடுத்தார். எந்த எண்ணுள்ள போல்ட் என்று பட்டியல் புத்தகத்தைப் புரட்டவில்லை. அவ்வளவுதான் நடந்தது. 'எனக்குத் தெரியாததா!' என்று நினைத்த அந்த ஒரு நிமிடம்தான் என்னை இன்றும் உறுத்துகிறது. கணக்குத் தேர்வில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான் விடையைச் சரிபார்க்காமல் தாளை முதலில் நீட்டுவார்கள். எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன்!

நம் ஊர் நெசவாளர்களைக் கவனியுங்கள். நாற்பது ஆண்டுகள் தறியில் உட்கார்ந்தவர் கூட, பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்திவிடுவார். குனிந்து, தேடி, முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் அடுத்த நாடாவை விடுவார். அப்படியே விட்டால் கோடு விழுந்தது விழுந்ததுதான். சேலையில் கோடு விழுந்தால் கூலி குறையும். விமானத்தில்...

விமான நிலையத்திலும் இதே கதைதான். ஓடுபாதையில் தினமும் பலமுறை வண்டியில் போய், கீழே ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்கிறார்கள். சென்னையின் பெரிய ஓடுபாதை மூன்றரை கிலோமீட்டருக்கும் அதிக நீளம். அத்தனை தூரத்திலும் ஓர் ஆணியைக் கூட விடக்கூடாது. 2000-ஆம் ஆண்டு ஜூலை 25 அன்று, பாரிஸ் ஓடுபாதையில், முன்னால் போன விமானத்திலிருந்து ஓர் உலோகத் தகடு விழுந்து கிடந்தது. நீளம் ஒன்றரை அடிக்கும் குறைவு. சில நிமிடங்களில் வந்த கான்கார்டு விமானத்தின் டயர் அதில் ஏறி வெடித்தது. டயர்த் துண்டு இறக்கையின் அடியில் மோத, எரிபொருள் கசிந்து தீப்பிடித்தது. 113 பேர் இறந்தார்கள்.

"நாங்கள் ஓடுபாதைப் பக்கமே போவதில்லையே" என்கிறீர்களா? வருகிறேன், உங்கள் பக்கம் வருகிறேன்!

2025-ஆம் ஆண்டு மே மாதம், சென்னையில் இறங்க வந்த விமானத்தின் மீது யாரோ கீழேயிருந்து லேசர் ஒளி அடித்தார்கள். கையில் பார்த்தால் சின்னப் புள்ளி. ஆனால் தூரம் போகப் போக அந்த ஒளி விரியும். விமானத்தின் கண்ணாடியில் பட்டதும் கண் கூசும்படி பரவும். இரவில் விமானி ஓடுபாதை விளக்குகளைத் தேடிக் கொண்டிருக்கும் நேரத்தில் சில நொடிகள் கண் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அடித்தவர் பெரிய ஆளாக இருக்க வேண்டும் என்பதில்லை. மொட்டை மாடியில் விளையாடும் ஒரு பையனாகவும் இருக்கலாம்.

வரதர் கோயில் கருட சேவைக்குப் போன என் பேரனும் திருவிழாக் கடையில் ஒரு லேசர் பேனா வாங்கி வந்தான். அன்று இரவே மாடிக்கு ஓடினான். எதிர் வீட்டுச் சுவர், தென்னை மரம் என்று அடித்துவிட்டு, மேலே ஒரு விமானம் போவதைப் பார்த்ததும் கையைத் தூக்கினான். நல்லவேளை, நான் பின்னாலேயே நின்றிருந்தேன். இந்தக் கதைகளையெல்லாம் அவனுக்குத்தான் முதலில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தாத்தா, அந்த விமானி இப்ப நல்லா இருக்காரா?" என்று கேட்டான். கண்ணாடி பெயர்ந்த விமானியைத்தான் கேட்கிறான். குணமாகி மறுபடி விமானம் ஓட்டினாராம் என்றேன்.

பேனா இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கேட்டால் தருவதாகச் சொல்லியிருக்கிறேன், பேட்டரி இல்லாமல். அவன் இன்னும் கேட்கவில்லை.