தெய்வம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளாதீர்கள்

சென்ற வாரம் எங்கள் பல்கலைக்கழகக் கருத்தரங்கில் மார்பக அறுவை மருத்துவர் ஒருவர் உரையாற்றினார். தாம் பிறந்த மாவட்டத்துக்கே திரும்பிச் சென்று, அங்குள்ள கூலித் தொழிலாளர் குடும்பப் பெண்களுக்குச் சிகிச்சை அளித்து வருபவர். உரை முடிந்ததும் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. நன்றியுரை ஆற்றிய பேராசிரியர் அவரைத் ‘தெய்வம்’ என்றார். தொடர்ந்து, ‘நம் பெண்கள் வெட்கத்தாலும் அறியாமையாலும் நோயை முற்றவிட்டு வருகிறார்கள்’ என்று வருந்தினார். இவ்விரு கூற்றுகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை, இரண்டுமே தவறானவை.

அந்த மருத்துவர் பேசியது என்ன? அறுவை சிகிச்சையைப் பற்றிப் பத்து நிமிடங்கள்கூடப் பேசவில்லை. திசுப் பரிசோதனை முடிவு வந்துசேர ஆகும் வாரங்களைப் பற்றிப் பேசினார். கட்டியை மட்டும் நீக்கி மார்பகத்தைக் காக்க முடிந்த நிலையிலும், பெண்கள் மார்பகத்தை முழுமையாக அகற்றச் சொல்வது ஏன் என்று விளக்கினார். மார்பகத்தைக் காத்தால் பின்னர் சில வாரங்கள் நாள்தோறும் கதிர்வீச்சு பெற வேண்டும். அக்கருவி இருப்பதோ தொலைவிலுள்ள பெருநகரில். கூலியையும் குழந்தைகளையும் விட்டுவிட்டு அங்கே யார் தங்குவது? அமைப்பின் மீது அவர் சுமத்திய இக்குற்றச்சாட்டை, அவருடைய தியாகக் கதையாக மாற்றிக் கைதட்டிவிட்டோம்.

எண்களைப் பாருங்கள். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட பெண்கள் ஏறத்தாழ 1,92,000 பேர். இறந்தவர்கள் ஏறத்தாழ 98,000 பேர். அமெரிக்காவில் கண்டறியப்பட்டவர்கள் சுமார் 2,74,000 பேர். இறந்தவர்கள் சுமார் 43,000 பேர். அங்கே பரிசோதனை மிகுதி என்பதால் சிறு கட்டிகளும் கணக்கில் சேரும் என்று கழித்துக்கொண்டாலும், இவ்விடைவெளியை வெட்கத்தால் விளக்கிவிட முடியாது.

‘வெட்கமே இல்லையா?’ என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் வெட்கத்தைக் குற்றம் சாட்டும் முன், பரிசோதிக்க யாராவது போனார்களா என்று கேட்க வேண்டாமா? முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை செய்ய வேண்டுமென நடுவண் அரசு 2016இலேயே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதன் பின் 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஒருமுறையேனும் அப்பரிசோதனைக்கு உட்பட்டவர்கள் 0.9 விழுக்காடு. நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. வீடுதோறும் படிவம் நிரப்பும் ஆஷா பணியாளருக்கோ ஊதியமென்று ஒன்றில்லை, ஊக்கத்தொகைதான்.

போன இடத்தில் என்ன நடந்தது என்பதற்கும் சான்று உண்டு. மும்பைக் குடிசைப் பகுதிகளில் 1998இல் டாட்டா நினைவு மருத்துவமனை தொடங்கிய ஆய்வில் ஒன்றரை இலட்சம் பெண்கள் இடம்பெற்றனர். பயிற்சி பெற்ற பெண் நலப் பணியாளர்கள் ஈராண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பரிசோதித்தனர், மேமோகிராம் இல்லை. அக்குழுவில் நோய் கண்டறியப்பட்டவர்களுள் மூன்றாம், நான்காம் நிலையில் இருந்தோர் 37 விழுக்காடு. பரிசோதனை பெறாத குழுவில் 47 விழுக்காடு. 2021இல் வெளியான இருபதாண்டு முடிவுகளின்படி, ஐம்பது வயதைக் கடந்தவர்களிடையே இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் கிடைத்த 15 விழுக்காட்டுக் குறைவு புள்ளியியல் நோக்கில் உறுதிப்படவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், பணியாளர் வாசலுக்கு வந்தால் நோய் முன்னதாகவே பிடிபடும் என்பது தெளிவு.

பேராசிரியரை மட்டும் குறை சொல்லி நான் நழுவ முடியாது. முதுகலையில் நானும் ‘ஊரகப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு’ என்று ஓர் ஆய்வேடு எழுதியவள். நாற்பது வினாக்கள், ‘தெரியும்’, ‘தெரியாது’ என்று குறியிட வேண்டும். களை பறித்துவிட்டு வந்த ஓர் அம்மாள் பொறுமையாக எல்லாவற்றுக்கும் விடை சொன்னார். பிறகு, ‘கட்டி இருந்தா எங்க போகணும், கண்ணு?’ என்று கேட்டார். என் வினாநிரலில் அதற்குக் கட்டமில்லை; என்னிடம் விடையுமில்லை. ‘விழிப்புணர்வு போதாது’ என்றே முடிவுரை எழுதினேன். முதல் வகுப்பும் கிடைத்தது. அவர் ஏன் கேட்டார் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. இன்றுவரை என்னை உறுத்துவது அதுதான்.

ஆகவே ஆய்வு நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆய்வேட்டில் பெண்களின் அறியாமையை அளக்க வேண்டாம். ஒரு பெண் கட்டியைக் கண்ட நாள், முதல் மருத்துவரைப் பார்த்த நாள், திசுப் பரிசோதனை முடிவு கைக்கு வந்த நாள், சிகிச்சை தொடங்கிய நாள் ஆகிய நான்கையும் மாவட்டந்தோறும் குறித்துக் கொண்டு வாருங்கள். தாமதித்தது யார் என்பது அப்போது தெரியும்.

அந்த மருத்துவருக்கு நம் கும்பிடு வேண்டாம். அவருடைய மாவட்டத்துக்கு ஒரு நோயியல் வல்லுநரும் ஒரு கதிர்வீச்சுக் கருவியும் வேண்டும். அதைக் கேட்கத் துணிவில்லாதவர்கள் கைதட்டாமலாவது இருக்கலாம்.